ஒரு இலட்சத்து ஒன்று

மருதமுனை றினோஸா டீச்சர் கண்ணில் பட்ட எந்த எண்ணையும் சும்மா விடமாட்டாள். பெண் பார்க்க வந்த ஹிஷாமின் மோட்டார் சைக்கிள் இலக்கம் 9797. தொண்ணூற்றேழை நூற்றியொன்றால் பெருக்கினால் அது வரும் என்று யன்னலுக்குள் நின்றே கண்டுபிடித்த பிறகுதான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாளாம். அட்டாளைச்சேனை கல்விக் கல்லூரியில் கணிதம் படித்து வந்தவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. எனக்கு அந்தத் திமிர் பிடிக்கும்.

அவளுடைய உம்மா நஸீறா மாமிக்குக் கண்டியில் இருதய ஒப்பரேஷன். போகுமுன் நபி மீது ஸலவாத்து ஓதி அனுப்புவோம் என்று றினோஸாவோடு சேர்த்துப் பத்துப் பெண்கள் அவள் வீட்டு ஹோலில் கூடினோம். ஒரு இலட்சம் ஓதவேண்டும். ஒற்றைப்படையில் முடிப்பது எங்கள் வழக்கம், ஆகவே இலட்சத்து ஒன்று. ஆளுக்குப் பத்தாயிரம் போக மிஞ்சும் ஒன்றை யார் ஓதுவது? முடித்துவைக்கிற பரக்கத், அந்த அருள், தனக்கே வேண்டும் என்று ஆளாளுக்குச் சண்டை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

“மிச்சமே வராமப் பிரிக்கலாம்” என்றாள் றினோஸா, வகுப்பில் நிற்கிற தோரணையில். “பதினொரு பேர் வேணும். ஆளுக்கு ஒம்பதாயிரத்தித் தொண்ணூத்தியொண்டு.”

“பன்னிரண்டு பேர் எண்டா?” என்று கேட்டேன்.

“பிரியாது. அந்த ஒம்பதாயிரத்தித் தொண்ணூத்தியொண்டு பகா எண், அத உடைக்க ஏலா. பதினொண்ட விட்டா வேற வழியில்ல.”

“அப்ப பதினோராவது ஆள் பின்வீட்டுல இரிக்காளே” என்றார் கட்டிலில் படுத்திருந்த நஸீறா மாமி.

பின்வீட்டில் இருப்பது மாமியின் மூத்த மகள், றினோஸாவின் ராத்தா லைலா. தெருப்பக்கத்துப் பெரிய வீட்டை இளையவளுக்குச் சீதனமாக எழுதிவிட்டு, தனக்குப் பின்வளவைத் தந்தார்கள் என்ற கோபத்தில் தங்கையோடு கதைப்பதையே விட்டவள். றினோஸா பாடசாலைக்குப் போன பிறகுதான் உம்மாவைப் பார்க்க வருவாள். மாமிக்கு ஒப்பரேஷன் பயம் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்க்காமல் போய்விடுவேனோ என்பதுதான் பயம்.

அயலில் வேறு யாரையாவது கூப்பிடலாம் என்று றினோஸா சாட்டுச் சொல்லியிருக்கலாம். உம்மாவின் முகத்தைப் பார்த்தாள், எழுந்து பின்வேலிக்குப் போனாள். நாங்களும் வெட்கமில்லாமல் பின்னால் போனோம்.

“ராத்தா, உம்மாக்கு ஸலவாத்து ஓதப் போறம். ஓராள் குறையிது, வாங்க.”

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த லைலா திரும்பவில்லை. “எனக்கு எத்தின?”

“ஒம்பதாயிரத்தித் தொண்ணூத்தியொண்டு.”

“உனக்கு?”

“எனக்கும் அதுதான்.”

“ஒண்டும் கூடக்குறைய இல்லியா?”

“இல்ல ராத்தா. சரிசமன்.”

லைலா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

“அப்ப வாறன்” என்று வேலிக் கடப்பைத் திறந்தாள்.