கோயில்பிள்ளை ஊற்றிய தண்ணீர்

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். வகுப்பு வகுப்பாக ஏறிக்கொண்டிருந்ததால், எங்கள் ரப்பர் தோட்டத்து மாதா கோயிலிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். மேலே, மாதம் ஒருமுறை கோலசிலாங்கூரிலிருந்து வந்து பூசை வைக்கும் சாமியார். நடுவில், ஜெபம் சொல்லிக் கொடுக்கும் உபதேசியார். அடியில், மணியடித்து, மெழுகுதிரி ஏற்றி, தரை பெருக்கும் கோயில்பிள்ளை. அது என் அப்பா. அவர் இன்னும் உபதேசியார் ஆகவில்லையே என்று எனக்கு மனக்குறை.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த அவசரகாலம் அது. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. பொழுது சாய்ந்ததும் கேட்டை அடைத்துவிட்டால் யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது. உபதேசியார் இருந்தது பக்கத்துத் தோட்டத்தில். கேட்டை அடைத்த ஒரு மாலையில்தான், முந்தின நாள் பிறந்த என் தம்பிக்கு மூச்சுத் திணறியது.

அம்மாவுக்குச் சாவைப் பற்றி மட்டுமில்லை பயம். ஞானஸ்நானம் பெறாத குழந்தையைக் கல்லறை வேலிக்கு வெளியே, ரப்பர் மரத்தடியில்தான் புதைப்பார்கள்.

“நீங்களே ஞானஸ்நானத் தண்ணி ஊத்துங்க,” என்றார் அம்மா.

“நான் கோயில்பிள்ளை, புள்ள. சாமிக்குத் தண்ணி ஏந்துறவன்.”

“ஏந்துன கைதானே. ஊத்துங்க.”

அப்பா முகம் கழுவி, சட்டை மாற்றி, தகரக் குவளையை எடுத்தார். அந்தி வெளிச்சம் தண்ணீரில் பட்டு, கூரையில் மீனாக நெளிந்தது. நான் அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூசை என்று பெயரிட்டு அப்பா தண்ணீர் ஊற்றியது எங்கோ தூரத்தில் கேட்டது.

விடிவதற்குள் தம்பி போய்விட்டான். அப்பா அவனைக் கல்லறை வேலிக்கு உள்ளேயே அடக்கம் செய்தார். சாமி வந்து தோண்டச் சொன்னால் கோயில்பிள்ளை என்ன செய்வான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அம்மா கஞ்சியைத் தவிர எதையும் தொடவில்லை.

அந்த மாதப் பூசைக்கு வந்த சாமியார், என்ன சொல்லி ஊற்றினாய் என்று அப்பாவைக் கேட்டார். பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தைகளை, அப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார். சாமியார் சரிதான் என்று தலையசைத்துவிட்டு நேரே கல்லறைக்கு நடந்தார். வேலிக்குள் போய்த் தம்பியின் மண்மேல் தீர்த்தம் தெளித்தார். அப்பா வழக்கம்போல் தீர்த்தச் செம்பை ஏந்தி நின்றார்.

அவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு. அன்றே அப்பாவை உபதேசியார் ஆக்கிவிடுவார் என்று காத்திருந்தேன்.

லயத்துக்குத் திரும்பியதும், அத்தனை நாளுக்குப் பிறகு அம்மா சோறு கேட்டார். அப்பா ஒரு படிகூட ஏறவில்லை, இதில் அம்மாவுக்கு என்ன பசி என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தட்டை வைத்தேன்.