கூரையைப் பிளந்த சிப்பிக்கல்

பக்கத்து வீட்டுச் சுவரைத் துளைத்தபோது வந்த சுண்ணாம்புப் புழுதியின் வாசம், ஈப்போ நகருக்கு வெளியே சுண்ணாம்பு மலையடியில் இருந்த எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுக்கு என்னை இழுத்துப் போனது. இன்று அங்கே லயமும் இல்லை, மலையில் பாதியும் இல்லை. அப்போதெல்லாம் தினமும் மதியம் கல் குவாரியில் சங்கு ஊதும், மலை வெடிக்கும், தகரக் கூரைமேல் சில்லுகள் சடசடவென்று விழ, அடுப்படியில் தட்டுகள் அதிர்ந்துகொண்டே இருக்கும்.

ஒருநாள் தேங்காய் அளவு கல்லொன்று கூரையைப் பிளந்துகொண்டு, தம்பியின் தொட்டிலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து இரண்டாக உடைந்தது. உள்ளே நெருக்கி அடித்துக்கொண்டு சிப்பிகள். கடலடியில் செத்த சிப்பிகள் அடுக்கடுக்காக அமுங்கிக் கல்லாகி, நிலம் உயர்ந்தபோது மலையாக எழுந்தன என்பதைப் பிறகுதான் படித்தேன். அன்று அம்மா அதில் ஒரு பாதியைத் தூக்கிக்கொண்டு குவாரிக்கு ஓடி, மேனேஜரின் கார் கண்ணாடியை உடைத்தார்.

"எம் புள்ள செத்துருந்தா என்னா செய்வீங்க? வெளிய வாங்க லா!"

"போதும்க்கா, வீட்டுக்குப் போலாம்" என்று கையைப் பிடித்த காவலாளிக்கும் ஓர் அறை விழுந்தது.

மறுநாளும் சங்கு ஊதியது. அம்மா எங்களைக் கட்டிலுக்கடியில் தள்ளி, தானும் புகுந்து எங்கள்மேல் கவிழ்ந்துகொண்டார். வெடிப்பதற்கு முன்பே அவர் உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. அம்மாவுக்கும் பயம் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.