பக்கத்து மேசைக்காரரின் ‘பிசீச்’

மனு எழுதிப் பிழைப்பவனுக்கு வெயிலும் மழையும் பெரிய கஷ்டமில்லை. பக்கத்து மேசையில் இன்னொருவர் மனு எழுதுவதுதான் கஷ்டம். எதிரிலேயே இன்னொரு கடை முளைத்த கடைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளில் காஞ்சிபுரம் தாலுகா ஆபீஸ் வாசலில் நானும் டைப்ரைட்டர் வைத்திருந்தேன், வரதனும் வைத்திருந்தார். என்னுடையது புதுசு. கூட்டம் அவரிடம்.

கும்பிடும் இடம்

கைநாட்டு வாங்குவதற்கு முன் மனுவை இங்கிலீஷிலேயே ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டுவது எங்கள் வாசலில் வழக்கம். கேட்பவருக்கு ஒரு வார்த்தை புரியாது; ஆனாலும் படிக்காவிட்டால் நம்ப மாட்டார். நான் ‘ரிக்வெஸ்ட்’ என்று எழுதி, ரேடியோ செய்தி மாதிரி படித்து முடிப்பேன். வரதன் கடைசி வரிக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கைகளையும் கூப்பி, ‘ஐ பிசீச் யூ’ என்பார். சுற்றி நிற்பவர்களும் கூடவே கும்பிடுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

தாமலிலிருந்து ஏரித் தண்ணீர்த் தகராறுக்காக வந்த விவசாயி ஒருவர், நான் படித்து முடித்தும் விரலில் மை தடவாமல் நின்றார். ஏன் என்று கேட்டேன்.

“எல்லாம் சரிதாம்பா, கும்புடுற எடம் இன்னும் வரலியே.”

அகராதி

அன்று மாலையே நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினேன். ‘பிசீச்’ என்றால் மன்றாடுவது என்று பொருள். தேடுவதைக் குறிக்கும் ‘சீக்’ என்ற சொல்லின் பழைய வடிவத்துக்கு முன்னால் ஒரு ‘பி’யைச் சேர்த்து அழுத்தம் கொடுத்திருக்கிறார்கள், விடாமல் தேடிப்போய்க் கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பேச்சில் யாரும் சொல்வதில்லையாம். மறுநாள் நானும் எழுதினேன். கைகூப்ப மட்டும் கூச்சமாக இருந்தது. பட்டுத் தறிக்காரர் ஒருவர் கேட்டுவிட்டு முகம் சுளித்தார்.

“இது அவரு வார்த்தை ஆச்சே, நீ எதுக்குப்பா எடுத்துக்கினு வந்தே?”

சாமிக்குச் சொல்வது

எங்கள் தெரு சாலமன் வாத்தியார் எனக்கு ஆறுதலாக ஒரு சங்கதி சொன்னார். அவர்களுடைய இங்கிலீஷ் ஜெபத்தில் அந்தச் சொல் கடவுளிடம் கேட்கும்போது வருமாம். தாசில்தாருக்கு அது ரொம்ப ஜாஸ்தியாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடவுளுக்குச் சொல்வதை வரதன் ஆபீசருக்கு எழுதுகிறார் என்று டீக்கடை முதல் பஸ் ஸ்டாண்டு வரை பரப்பினேன். மறுவாரம் வரதன் மேசையைச் சுற்றித் திருப்புட்குழி ஊர்ச் சனம்கூட நின்றது. அதிலிருந்த ஓர் அம்மாள் என்னை நன்றியோடு பார்த்தாள்.

“சாமியே எறங்கி வர்ற வார்த்தையாமே. நீதான் சொன்னியாம்பா?”

தண்ணீர்க் குழாய்

எங்கள் தெருவுக்குக் குழாய் கேட்டு நானே ஒரு மனு அடித்து, வீட்டில் படித்தும் காட்டி அனுப்பினேன். பதிலே இல்லை. ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தால் வரதன் மேசைக்கு முன்னால் என் மனைவி, கைகூப்பியபடி. அவளுக்கு அவர் தன் ஸ்டூலை வேறு கொடுத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் மானம் போயிற்று என்று கத்தினேன். அடுத்த தெருவிலிருந்து சுமந்து வந்த குடத்தை அவள் இறக்கி வைத்தாள்.

“நீங்க படிச்சப்போ கொழா வேணும்னு கேட்ட மாதிரி இருந்திச்சு. அவரு படிச்சப்போ நான் கொடத்தோட நிக்கிறது தெரிஞ்சிச்சு.”

வரதன் எழுதிய மனுவுக்குக் குழாய் வந்தது, அதன் முதல் தண்ணீரில் போட்ட காபியைக் குடிக்கும்போதும், ஒரு வார்த்தையின் பூர்வோத்தரம் முழுக்கத் தெரிந்த எனக்குக் கூடிவராத கைகள் அந்த மனுஷனுக்கு மட்டும் எப்படிக் கூடிவருகின்றன என்றுதான் வயிறு எரிந்தது.