தொட்டால் விரியும் வட்டம்

அந்த ப்ராஜெக்டை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்லூரியில் மூன்றாம் வருடம். பட்டாபிராமிலிருந்து அம்பத்தூருக்கு ரயிலில் போய் வந்தேன். ஒரு திங்கட்கிழமை வண்டி ஆவடிக்கு முன்னால் நாற்பது நிமிடம் நின்றுவிட்டது. மூச்சிரைக்க ஓடிப்போய் வகுப்பு வாசலில் நின்றேன். உள்ளே இன்டர்னல் தேர்வு. "ட்ரெயின் மேல பழியப் போடாதம்மா, சீக்கிரம் எழுந்திரு" என்று சார் விரட்டிவிட்டார். நான் எழுந்தது ஐந்து மணிக்கு.

அன்றிலிருந்து வீம்புக்கு, வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று தினமும் குறித்து வைத்தேன். ஒரு மாதம் கழித்து அதே சார் ப்ராஜெக்ட் கொடுத்தார்: ஏதாவது ஒரு தகவலை, நிரல் எழுதி, இணையப் பக்கத்தில் படமாகக் காட்ட வேண்டும். விடுவேனா? ஒரு நாளுக்கு ஒரு வட்டம். தாமதம் கூடக்கூட வட்டம் பெரிதாகும், சிவக்கும். விரலால் தொட்டால் தேதி, நிமிடம், காரணம் எல்லாம் விரியும். அந்தத் திங்கட்கிழமைதான் இருப்பதிலேயே பெரிய வட்டம். அதை அவர் ஒரே ஒரு முறை தொட வேண்டும். மதிப்பெண்கூட எனக்கு அப்புறம்தான்.

ஆனால் எங்கள் துறையில் எதுவானாலும் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இணையப் பக்கத்தைத் தாளில் கேட்கிற அறிவாளிகளை வேறெங்கே பார்ப்பது! கறுப்பு வெள்ளையில் வந்தவை வெறும் சாம்பல் வட்டங்கள். தாளைத் தொட்டால் விரலில் மைதான் ஒட்டும்.

"என்னம்மா இது, புள்ளிக் கோலமா?" என்றார் சார். வகுப்பே சிரித்தது.

"சார், உங்க போன்ல ஒரு தடவ தொறந்து பாத்தீங்கன்னா..."

"ரூல் தெரியாதா? திருத்தி எடுத்துட்டு வா."

பக்கத்து பெஞ்சுக்காரி காதைக் கடித்தாள்: "வுடுடி, இன்னாத்துக்கு அவராண்ட வாயக் குடுத்துகினு கீற? பேனாவால எழுதிக் குடுத்துடு."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஸ்கேல் வைத்து அம்புக்குறி, அதன் நுனியில் தேதி, நிமிடம், காரணம். பெரிய வட்டத்தின் பக்கத்தில் மட்டும் கொட்டை எழுத்தில்: 'நாற்பது நிமிடம். தேர்வு எழுத விடவில்லை.'

சார் புரட்டினார். "எழுத்து முத்து முத்தா இருக்கே! இதான் ப்ராஜெக்ட்." முழு மதிப்பெண். அவருடைய பச்சை மைக் கையெழுத்து அந்தக் கொட்டை எழுத்தின் மேலேயே விழுந்தது. படிக்கவில்லை.

அந்தத் தேர்வில் நான் இன்னமும் ஆப்சென்ட்தான். அவரையாவது ஒருநாள் மன்னித்துவிடுவேன். "தேங்க்ஸ் சார்" என்று இளித்துக்கொண்டு நின்ற என்னை மன்னிக்கவே முடியவில்லை.