அர்த்தம் கேட்கும் கண்ணகி

"பாப்பா, இந்த ஒரு வரி மட்டும் இன்னா சொல்லுதுன்னு பாரேன்."

துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு வெளியே நின்று கேட்கிறாள் கண்ணகி. உள்ளே கல்லூரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பவள் திலகவதி. கண்ணகி நீட்டும் தாளில் ஒரு பாட்டு இருக்கிறது. செல்போனை நிறுத்தி நிறுத்தி அவளே எழுதியது. எட்டாவது படித்த குண்டுக் கையெழுத்து.

டவுன்ஷிப்பில் பதினோரு வருஷமாகத் தெருப் பெருக்கும் கான்ட்ராக்ட் வேலை. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வீம்புதான் கொஞ்சம் அதிகம். இன்ஜினீயர் வீட்டம்மா இங்கிலீஷில் பேசினாலும் எல்லாம் விளங்கியதுபோலத் தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டல்தான் வினையாகிப் போனது.

மகன் ஜெயப்பிரகாஷும் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட்தான். பர்மனென்ட் ஆகும், ஆகும் என்றே ஐந்து வருஷம் ஓடிவிட்டது. ஷிப்ட் முடிந்து வந்தால் ஒரே பாட்டு: 'தாள சுருட்டு, தலைய மறந்திடு, ஷிப்ட்டே இல்லாத ஊருக்குப் போலாம்.' களைத்த பிள்ளை ஊட்டிக்குப் போக ஆசைப்படுகிறான் என்று நினைத்தாள். சோற்றுத் தட்டில் தாளம் போட்டுக் கூடவே பாடினாள்.

"உனக்கு அர்த்தம் புரியுதாம்மா?" என்று ஒருநாள் கேட்டான்.

"ஏன் புரியாது? எல்லாம் புரியுது, நீ பாடு."

போன தையில், பஸ் ஸ்டாண்டில் நினைவில்லாமல் கிடந்தவனைப் பண்ருட்டிப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். கண்ணகி அழுதபோது அவன் சொன்னான்: "உனக்குத்தான் தெரியுமே. நீயும்தான பாடிக்கினு இருந்த." அதோடு அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டான்.

பாட்டில் வருவது கஞ்சா சுருட்டும் தாள்தான் என்று, கேட்ட அன்றைக்கே திலகவதி சொல்லிவிட்டாள். மற்ற வரிகளுக்கும் சொல்லிவிட்டாள். இருந்தும் வேறு வீடுகளில், வேறு ஆட்களிடம் கண்ணகி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒரு வரிக்காவது நல்ல அர்த்தம் கிடைக்காதா என்ற நப்பாசை. கிடைக்கவில்லை, பாவம், அந்தப் பாட்டில் அப்படி ஒன்றும் இல்லை.

ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போவாள். வாயைத் திறக்க வெட்கம். மகன் எதிரில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவாள். ஆறாவது ஞாயிறு எப்படியோ சொல்லிவிட்டாள்.

"எனக்கு அன்னிக்கு ஒண்ணும் புரியலடா. ஒங்கிட்ட மட்டமா தெரியக்கூடாதுன்னு பொய் சொல்லிட்டேன். தெரிஞ்சிருந்தா வுட்டிருப்பனா?"

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"மொத வரிலேருந்து சொல்லட்டுமாம்மா?"

ஒவ்வொரு வரியின் அர்த்தமும் இப்போது அவளுக்கு மனப்பாடம். "சொல்லு சாமி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் வாயருகே காதைக் கொண்டுபோனாள்.