பாய் நின்ற இடத்தில் நான்

தொழில்முறை ஹாக்கியில் நான் முதன்முதலாக இறங்கிய நாளில் போட்டிருந்த சட்டை எனக்காகத் தைத்ததல்ல. முதுகில் இன்னொருவர் பெயர் இருந்தது. முழங்காலுக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை ஒட்டி அதை மறைத்திருந்தார்கள். வியர்வை ஊறியதும் டேப்பின் ஒரு முனை பிரிந்துகொண்டு, ஓடும்போதெல்லாம் முதுகில் படபடவென்று அடித்தது. அந்தப் பெயருக்கு உரியவரை அன்று காலையில்தான் போலீஸ் வண்டியில் ஏற்றி விமான நிலையத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்களுக்கெல்லாம் அவர் பாய். என்னை அவர் ‘சோட்டே’ என்று கூப்பிடுவார். சின்னவனே என்று பொருள்.

எனக்குத் திருமானூர் பக்கம். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். அவருக்கு முந்தியவர்கள் எல்லாரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள், கரும்பு வெட்டியவர்கள். அரியலூரில் விடுதியில் தங்கிப் படித்தபோது ஹாக்கி பழகினேன். பின்களத்தில் நிற்கிற ஃபுல் பேக் ஆட்டம் எனக்கு வந்தது. அந்தக் காலத்தில் நாட்டில் இரண்டு ஹாக்கி லீக்குகள் போட்டி போட்டுக்கொண்டு நடந்தன. ஒன்று தேசிய ஹாக்கிச் சங்கத்தார் நடத்தியது. இன்னொன்று சில முதலாளிகள் சேர்ந்து புதிதாகத் தொடங்கியது. சங்கத்தார் லீக்கில் என்னைப் போன்றவர்கள் எட்டிப் பார்க்க முடியாது. புதியதில் சென்னை அணிக்கு மாற்று ஆட்டக்காரனாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஜனங்கள் டிக்கெட் வாங்கி வந்தது எங்களைப் பார்க்க அல்ல. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்த சில ஆட்டக்காரர்களைப் பார்க்கத்தான். அவர்களில் ஒருவர் பாய். பெனால்டி கார்னர் கிடைத்துவிட்டால் கேலரி முழுக்க எழுந்து நிற்கும். பந்தை மட்டையில் ஏந்தினாற்போல இழுத்து அவர் சுண்டிவிடும்போது, கோல் பலகையில் மோதும் சத்தம் கேட்ட பிறகுதான் பந்து எங்கே போனதென்று தெரியும்.

அவர் ஆடும் இடமும் ஃபுல் பேக்தான். ஆகவே அவர் ஆடும்வரை நான் பெஞ்சில். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. சென்னையில் அணி தங்கிய விடுதியில் எங்களுக்கு ஒரே அறை. என் உடைந்த இந்தியைக் கேட்டு அவர் சிரிப்பார். நான் சாம்பார் ஊற்றிப் பிசைவதைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, நாலு நாளில் அவரும் பிசைந்தார். இதையெல்லாம் போனில் கேட்டுக் கேட்டு அம்மாவுக்கு அவர்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. “அந்தத் தம்பிய ஒருவாட்டி நம்ம வூட்டுக்குக் கூட்டியாடா. ஆத்தங்கரையெல்லாம் காட்டலாம்” என்றாள்.

அதைச் சொன்னபோது பாய் தன் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினார். ஆட்டம் நடக்கும் ஊர்களின் பெயர்கள் மட்டும் அவர் விசாவில் இருந்தன. அவற்றை விட்டு வெளியே கால் வைத்தால் குற்றம். ஓர் ஊருக்குப் போனதும் போலீஸில் சொல்ல வேண்டும், கிளம்பும்போதும் சொல்ல வேண்டும். “உன் ஊர் என் காகிதத்தில் இல்லையே, சோட்டே” என்றார். பிறகு அவரே, “உன் அம்மா இங்கே வரலாமே, அவரை யார் கேட்கப்போகிறார்கள்?” என்றார்.

அம்மா வந்தாள். சித்தப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பஸ்ஸில், தூக்குவாளி நிறைய நாட்டுக்கோழிக் குழம்போடு வந்தாள். “திருமானூர்ல கறிக்கடை பாய்கிட்ட குடுத்து, அவங்க மொறப்படி அறுத்து வாங்கியாந்தேன். சொல்லு அவருகிட்ட, கூச்சப்படாம சாப்புடட்டும்” என்றாள். நான் இந்தியில் சொன்னேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். “இன்னும் ரெண்டு துண்டு வச்சிக்கப்பா, ஒல்லியா இருக்க” என்று அம்மா தமிழிலேயே சொல்ல, அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. கிளம்பும்போது சித்தப்பா எங்கள் மூன்று பேரையும் சேர்த்துத் தன் போனில் ஒரு படம் எடுத்தார். அம்மாவின் தோள்மேல் கை வைக்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு பாய் நின்ற படம்.

அடுத்து வந்த நாட்களில் எல்லையில் துப்பாக்கிச் சத்தம் தொடங்கியது. இரண்டு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். டிவியில் காலை முதல் இரவு வரை அதே பேச்சு. மைதானத்தின் வாசலில் கொடி பிடித்தவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அந்த நாட்டு ஆட்டக்காரர்கள் இறங்கினால் ஆட்டம் நடக்காது என்றார்கள். முதலாளிகள் டெல்லிக்குப் போன் போட்டார்கள், டெல்லி திரும்பப் போன் போட்டது. மறுநாள் காலை வண்டி வந்துவிட்டது. பாய் பெட்டியைக் கட்டும்போது நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவர்தான் பேசினார். “இடம் காலியாக இருக்கக் கூடாது. போய் நில். என்னை நினைத்துக்கொண்டு ஆடாதே, பந்தைத் தவறவிடுவாய்.”

நான் தவறவிடவில்லை. அதைச் சொல்லவே கூசுகிறது. அன்று என் ஆட்டம் நன்றாக அமைந்தது. கடைசி நேரத்தில் கிடைத்த பெனால்டி கார்னரில் என் மட்டையிலிருந்து போன பந்து கோலுக்குள் விழுந்தது. எல்லாரும் என்மேல் வந்து விழுந்தார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்து உலுக்கியதில் அந்த டேப் முழுசாகப் பிய்ந்து வந்துவிட்டது. டிவியில் காட்டிய படத்தில், திரும்பிப் பார்க்கிற என் முகமும் முதுகில் அவர் பெயரும் சேர்ந்தே இருந்தன.

இரண்டொரு நாளில் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். கையில் மட்டையோடு நான், பெரிதாக. கீழே ஒரு மூலையில் பாயின் முகம், அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. “எதிரியை விரட்டியடித்த எங்கள் மண்ணின் சிங்கமே!” என்று எழுத்து. பாயின் முகம் எந்தப் படத்திலிருந்து வெட்டப்பட்டது என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓரத்தில் அம்மாவின் புடவைத் தலைப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. வைத்தது சித்தப்பாவும் எங்கள் தெருப் பையன்களும்தான். வாசகத்தை ஃபிளெக்ஸ் கடைக்காரனே போட்டுக் கொடுத்தானாம். நான் போனில் கத்தினேன். சித்தப்பாவுக்கு என் கோபம் புரியவே இல்லை. “நம்ம தெரு ஆளு மூஞ்சி இந்த ஊரு பஸ் ஸ்டாண்டுல என்னைக்காவது தொங்கியிருக்காடா? எவன் எவன் மூஞ்சியோ தொங்குச்சு. நின்னு அண்ணாந்து பாத்தோம். இப்பதான் நம்மள நாலு பேரு அண்ணாந்து பாக்குறான்” என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. போனை வைத்துவிட்டேன்.

அன்று மாலையே பாயிடமிருந்து செய்தி வந்தது. யாரோ அந்தப் படத்தை இணையத்தில் போட்டு, அது எல்லையைத் தாண்டிப் போயிருக்கிறது. மனிதர்களுக்குத்தான் விசா வேண்டும். “உன் படம் நன்றாக இருக்கிறது, சோட்டே. என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டிருந்தார். சிவப்புக் குறியைப் பார்த்த பிறகுதான் கேட்கிறார். வேறு எதை எழுதினாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார். உள்ளதை உள்ளபடி எழுதினேன். மன்னிப்பும் கேட்டேன். படித்துவிட்டார் என்பதற்கான நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. ஜாமான் வாங்க அரியலூர் போனவள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோதே பார்த்துவிட்டாள். கரும்புச்சாறு கடையில் கத்தியை வாங்கிக்கொண்டு போய்க் கயிற்றை அறுத்தாளாம். சித்தப்பா ஓடி வந்து, “அண்ணி, அண்ணி, நம்ம புள்ள மூஞ்சி அண்ணி, ஒரு வாரமாவது இருக்கட்டும்” என்று கையைப் பிடித்திருக்கிறார். “யாரு யார வெரட்டுனது? இவனா வெரட்டுனான்? என் கையால சோறு தின்ன புள்ளைய்யா அது” என்று சொல்லிக்கொண்டே அம்மா அறுத்திருக்கிறாள். கூட்டம் கூடி வேடிக்கை பார்த்திருக்கிறது. கீழே விழுந்த ஃபிளெக்ஸில் என் முகத்தை மிதிக்காமல் சித்தப்பா சுருட்டி எடுத்துக்கொண்டு போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அம்மாவோடு அவர் பேச வெகுநாள் ஆயிற்று.

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். முன்னால் பேசியவர்கள் எல்லாரும் ஃபிளெக்ஸில் இருந்ததைத்தான் நீட்டிப் பேசினார்கள். மைக் என்னிடம் வந்ததும் நான் சொன்னேன்: “நான் யாரையும் வெரட்டலைங்க. அவரு இருந்திருந்தா நான் பெஞ்சுலதான் உக்காந்திருப்பேன். அவரு என்னைவிட நல்லா ஆடுவாருங்க.” பலத்த கைதட்டல். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பக்கத்திலிருந்தவர் என் தோளில் தட்டி, “இதுதான் தம்பி, நம்ம மண்ணு” என்றார். பொன்னாடைக்குள் உடம்பு குறுகிப்போனது. உண்மையைச் சொல்லியும் தப்பிக்க முடியாத ஓர் இடம் இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எங்கள் லீக் அதிக நாள் தாங்கவில்லை. பாயும் மற்றவர்களும் போனதும் கேலரி காலியானது. விளம்பரம் தந்தவர்கள் மெல்ல நழுவினார்கள். சங்கத்தாருக்குக் கொஞ்ச நாள் கொண்டாட்டம். எங்கள் லீக்கில் ஆடியவர்களுக்கு நாட்டு அணியில் இடம் கிடையாது என்று அறிவித்தார்கள். ஆனால் அவர்கள் நம்பியிருந்ததும் அதே எல்லைக்கு அப்பாலிருந்து வரவேண்டிய ஆட்டக்காரர்களைத்தான். அவர்களுக்கும் விசா வரவில்லை. எங்கள் லீக் மூடிய சில காலத்தில் அவர்களுடையதும் படுத்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே கிணற்றுக்காக அடித்துக்கொண்டார்கள். கிணறு வற்றியதும் இருவருக்கும் தண்ணீர் இல்லை. என் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்டபோது, அந்த லீக்கை நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை என்றார்கள். ஊரில் பாதிப் பேர் போன வழியில் நானும் வளைகுடாவுக்குப் போனேன். மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறேன்.

அங்கே வெள்ளிக்கிழமைகளில் கம்பெனி அணிகள் ஹாக்கி ஆடும். யார் எந்த நாடு என்று எவரும் கேட்பதில்லை. போன வருடம் எதிரணிப் பயிற்சியாளராக, தாடி நரைத்து, பாய் வந்து நின்றார். அவர்தான் முதலில் கண்டுகொண்டார். கட்டிப்பிடித்தார். “அம்மா எப்படி இருக்கிறார்?” என்று கேட்டார். சுவரோரம் நிழலில் உட்கார்ந்து, அம்மா கயிற்றை அறுத்த கதையை அவருக்குச் சொன்னேன். அவ்வளவு நாளும் அவருக்குத் தெரியாத பகுதி அது. அன்று நான் எழுதியதற்கு ஏன் பதில் வரவில்லை என்பதையும் கேட்டுவிட்டேன்.

அவர் தன் போனில் வெகுநேரம் தேடி ஒரு படத்தை எடுத்தார். அவர் ஊர்க் கடைத்தெருவில் ஒரு மேடை. கழுத்தில் காதுவரை மாலை. பின்னால் தொங்கிய துணியில் உருது எழுத்து. வலமிருந்து இடமாக விரலை நகர்த்தி எனக்குப் படித்துச் சொன்னார்: “எதிரியின் பணத்தை எட்டி உதைத்துவிட்டு வந்த எங்கள் வீரனுக்கு.”

“நான் எங்கே உதைத்தேன்? அடுத்த வருடமும் வரலாம் என்று என் நல்ல ஷூவை நம் அறையிலேயே விட்டுவிட்டு வந்தேன்” என்றார். “உன் அம்மா அறுத்தார். என் அம்மா அந்த மேடைக்குக் கீழே நின்று எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். பிள்ளை உயிரோடு வந்துவிட்டானே என்ற சந்தோஷம் அவருக்கு. உன் செய்தி வந்தபோது நான் அந்த மேடையில்தான் இருந்தேன், சோட்டே. இந்த மாலையோடு நின்றுகொண்டு உனக்கு நான் என்ன எழுதுவது?”