மாரெட் மேடையில் பாடாத பாட்டு

1. செவ்வாய்க்கிழமை காலை

ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னம், மொன்றியலின் லாசால் பகுதியில் என் வீட்டுக் குசினியில் நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். வானொலி தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் பிரெஞ்சில் சொன்னார்: "இன்று பதினொரு மணிக்கு, சாமிப் பாடகி மாரெட்டின் கச்சேரி. அதோடு, அவர் மேடையில் பாடாத ஒன்றும் எங்களிடம் இருக்கிறது. ஆளில்லாத மண்டபத்தில், தனியே, வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடியது."

கோப்பை நிரம்பி மேசையில் வழிந்தது. அந்தப் பாட்டு வானொலிக்குப் போனது என்னால். அதைப் பதியவில்லை என்று மாரெட்டிடம் சொன்னதும் நான்தான்.

சவுண்ட் வேலையில் எனக்கு இருபத்தாறு வருடம். மன்னாரில் இருந்து வந்த புதிதில் எங்கள் கோயில் பெருநாளுக்கு ஸ்பீக்கர் கட்டப் போனேன். அப்படியே ஒட்டிக்கொண்ட தொழில். இப்போது மொன்றியல் நகர நடுவில் முந்நூறு கதிரை கொண்ட ஒரு மண்டபத்துக்குத் தலைமைச் சவுண்ட் எஞ்சினியர். என் பெயர் அன்ரன். மண்டபத்தில் எல்லோருக்கும் அந்துவான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் எந்த மைக் நல்லது, சத்தத்தைச் சரிசெய்ய எந்தக் கன்சோல் நல்லது என்று கேட்பார்கள். என் பெரிய பிழை மைக்கிலும் நடக்கவில்லை, கன்சோலிலும் நடக்கவில்லை. ஆகவே இதை எழுதி வைக்கிறேன்.

2. சாமிப் பாட்டா?

மாரெட் வருவதாக முதலில் மின்னஞ்சல் வந்தபோது, அதில் "சாமி" என்ற சொல்லைப் பார்த்துவிட்டுக் கவிதா கேட்டாள்: "அண்ணா, சாமிப் பாட்டா? ஆர்மோனியத்துக்கு, தபலாவுக்கு மைக் எடுத்து வைக்கட்டுமா?"

கவிதா கோயம்புத்தூரில் இருந்து ஒலித் தொழில்நுட்பம் படிக்க வந்து, முடித்ததும் எங்கள் மண்டபத்தில் சேர்ந்தவள். பாடுகிறவர்களுக்கு மேடையில் கேட்கும் மொனிற்றரும் றெக்கோடிங்கும் அவள் பொறுப்பு. அவள் கேட்டதில் பிழையில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தேடிப் பார்த்தோம். நோர்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா ஆகிய நாடுகளின் வடக்கு விளிம்பில் வாழும் ஆதிக்குடிகளுக்குச் சாமி என்று பெயர். பனிமான் வளர்த்தவர்கள், மீன் பிடித்தவர்கள். அவர்களுடைய பாட்டுக்கு யோய்க் என்று பெயர். பல யோய்க்குகளில் சொற்களே இல்லை. 'லோ, லா, நா' என்று குரல் மட்டும் சுற்றிச் சுற்றி வரும். மாரெட் அந்த யோய்க்கை ஒரு செல்லோவோடும் கம்ப்யூட்டரில் இருந்து வரும் தாளத்தோடும் சேர்த்துப் பாடுகிறவர். ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவர். நாற்பது வயது இருக்கும். பேச்சுக் குறைவு.

வந்தவுடன் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். நாங்கள் கதைத்தது ஆங்கிலத்தில்; தமிழில் எழுதுகிறேன். "என் பாட்டு முடிகிறது என்று நினைத்துச் சத்தத்தை மெல்ல மெல்லக் குறைக்காதீர்கள். யோய்க் முடியாது. நான் நிறுத்துவேன், அவ்வளவுதான்."

"சரி," என்றேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரில் கை வைக்காமல் இருக்கச் சொன்னால் எந்தச் சவுண்ட்காரனுக்கும் அது லேசில்லை. ஆனாலும் இருந்தேன்.

3. நான் சொன்ன "இல்லை"

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு. பதினொரு மணிக்கே மாரெட் தனியாக வந்துவிட்டார். செல்லோ வாசிப்பவரும் கம்ப்யூட்டரில் தாளம் போடுபவரும் இன்னும் வரவில்லை. மேடை விளக்கைக் குறைக்கச் சொன்னார். மைக்குக்கு முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு யோய்க்கைத் தொடங்கினார்.

மூன்றரை நிமிடம் இருக்கும். அந்தக் குரலில் ஒரு துள்ளல் இருந்தது, ஒரு பிடிவாதமும் இருந்தது. ஏறும், தடுக்கும், திரும்பவும் அதே இடத்தில் இருந்து ஏறும். ஆரோ ஒரு ஆள் மண்டபத்துக்குள் கெதியாக நடந்து திரிவதுபோல எனக்குப் பட்டது. கவிதா கையில் கேபிளோடு அப்படியே நின்றுவிட்டாள்.

நிறுத்தியதும் மாரெட் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இதைப் பதியவில்லைத்தானே?"

"இல்லை, இல்லை," என்றேன்.

இந்த இடத்தை விளக்கமாகச் சொல்லவேண்டும். நாங்கள் மைக்கைத் திறந்த நிமிடத்தில் இருந்து எல்லாவற்றையும் பதிவோம். பாடகர் சாப்பிடப் போன பிறகு அந்தப் பதிவை ஓடவிட்டு, மண்டபத்துக்கு ஏற்றபடி சத்தத்தைச் சரிசெய்யலாம். வேர்ச்சுவல் சவுண்ட் செக் என்பது அதைத்தான். அதை ஒரு சவுண்ட்காரனும் "றெக்கோடிங்" என்று சொல்வதில்லை. அது எங்களுக்கு அளவுகோல் மாதிரி ஒரு சாமான். எனவே அவர் கேட்டபோது யோசிக்காமலே இல்லை என்றேன். திரையில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டுதான் இருந்தது.

"நல்லது," என்றார் மாரெட். "அது என் தம்பி. அவன் வெளியில் வருவதில்லை."

தம்பியைப் பற்றிய பாட்டு என்று விளங்கிக்கொண்டு தலையாட்டினேன்.

கச்சேரி அருமையாகப் போனது. வானொலி ஒன்று அதை ஒலிபரப்ப முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தது. சனம் போன பிறகு, பதிவுகளை வானொலிக்கு அனுப்ப ஆயத்தம் செய்துகொண்டே கவிதா கேட்டாள்: "அண்ணா, சவுண்ட் செக் ஃபோல்டரை எடுத்துட்டு அனுப்பட்டுமா?"

அடுத்த நிகழ்ச்சிக்காரர் சாமான்களோடு வாசலில் நின்றார்கள். "வேண்டாம் பிள்ளை, முழுசா அனுப்பிவிடு. தேவையானதை வானொலிக்காரரே எடுப்பினம்," என்றேன்.

4. லொங்குய்க்கு

வானொலியில் அந்த நிகழ்ச்சியைத் தயாரித்தவர் மிரெய் என்ற பெண். செவ்வாய் காலை வழிந்த தேத்தண்ணியைத் துடைக்காமலே அவருக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. ஒலிப்பதிவு அறைக்குள் இருந்தால் எடுக்கமாட்டார். செய்தி விட்டேன். திரும்ப எடுத்தேன். பிறகு கவிதாவுக்கு எடுத்தேன்.

"நானும் கேட்டேண்ணா," என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "அவங்க கேட்டப்ப நீங்க இல்லைன்னு சொன்னீங்கள்ல... நான் அப்பவே சொல்லியிருக்கணும்."

"நீ ஃபோல்டரை எடுக்கட்டோ எண்டு கேட்டனீ. நான்தான் வேண்டாமெண்டனான். இதிலை உன்ரை பிழை ஒண்டுமில்லை."

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"நேரை போறன்."

வானொலி நிலையம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில். பாலத்தில் திருத்த வேலை. கார் எடுத்தால் மத்தியானம்தான் போய்ச்சேரலாம். பஸ் பிடித்து மெத்ரோவுக்குப் போய், பச்சைக் கோட்டில் ஏறி, நடுவில் மஞ்சள் கோட்டுக்கு மாறினேன். வழி முழுக்க மனதுக்குள் பொய்கள் தயாரித்தேன். "தொழில்நுட்பக் கோளாறு." "உரிமைப் பிரச்சினை." "பதிவில் ஒரு இரைச்சல் இருக்கிறது." இருபத்தாறு வருட அனுபவம் உள்ளவன் இரைச்சல் என்று சொன்னால் ஒருவரும் மறுத்துப் பேசமாட்டார்கள். மாரெட்டுக்குத் தெரியவே வராது.

ஆற்றுக்குக் கீழே ரயில் போகும்போது அந்த மூன்றரை நிமிடம் ஞாபகம் வந்தது. பொய் சொல்லி அதைத் திருப்பி வாங்க எனக்கு மனம் வரவில்லை. முதல் பொய்யே போதும்.

பத்து இருபத்தைந்துக்கு மிரெய் வரவேற்பறைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அந்துவான்! அந்தத் தனிப் பாட்டு இருக்கிறதே, நான் அழுதுவிட்டேன். நிகழ்ச்சியையே அதில்தான் தொடங்குகிறேன்."

"அதை எடுக்கவேண்டும்," என்றேன். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

சிரிப்பு போய்விட்டது. "இன்னும் அரை மணித்தியாலம்தான் இருக்கிறது. காலையில் இருந்து மூன்று தரம் அறிவித்துவிட்டோம். அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவேளை சம்மதிப்பார். அவர் சம்மதித்தால் போகட்டும், இல்லையென்றால் எடுக்கிறேன். ஆனால் அவர் வாயால் நான் கேட்கவேண்டும்."

நியாயமான பேச்சு. எனக்கோ மாரெட்டுக்குப் போன் எடுப்பதைவிட ஆற்றில் குதிப்பது சுகமாக இருந்திருக்கும்.

மாரெட் விமான நிலையத்தில் இருந்தார். பின்னால் அறிவிப்புகள் கேட்டன. நான் யார் என்று சொல்லிவிட்டு, நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். பதிந்ததை, இல்லை என்றதை, அனுப்பியதை, பதினொரு மணியை.

அவர் முதலில் கேட்டது இதுதான்:

"நீங்கள் இல்லை என்றுதானே சொன்னீர்கள்?"

"ஓம். யோசிக்காமல் சொன்னேன். அது பொய்."

"வெளியில் போய்விட்டதா?"

"இல்லை. ஒரு செக்கன்கூடப் போகவில்லை."

பெரிய மூச்சு ஒன்று கேட்டது. என்னையறியாமல் நானும் விட்டேன்.

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊருக்கு வந்த ஒருவர் அம்மாவின் யோய்க்கைப் பதிந்துகொண்டு போனாராம். பல வருடங்களுக்குப் பிறகு தம்பி பட்டணத்தில் ஒரு கடையில் சப்பாத்து வாங்கிக்கொண்டு நிற்கும்போது, தலைக்கு மேலே விளம்பரம் ஒன்றில் அது போனதாம். "கடை நடுவில் அம்மாவை ஆரோ விற்றுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது என்றான். சப்பாத்தை வைத்துவிட்டு வந்துவிட்டான். தன்னை ஒருநாளும் வெளியில் விடக்கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டான். எங்களிடம் ஒருவரைப் பற்றி யோய்க் பாடுவது கிடையாது. பாடினால் அது அந்த ஆள்தான். தம்பிதான் அது. புது மண்டபத்துக்கு வந்தால், பயம் போக அவனை ஒருதரம் கூப்பிடுவேன். அவ்வளவுதான்."

மிரெய் பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். குனிந்து போனுக்குச் சொன்னார்: "மாடம், நான் எடுத்துவிடுகிறேன். இப்போதே."

5. பதினொரு மணி

எடுத்தாயிற்று. நிகழ்ச்சியில் மூன்றரை நிமிட ஓட்டை. பதினொரு மணிக்குப் பதினாலு நிமிடம் இருந்தது.

மிரெய் திரையில் கச்சேரியின் கடைசிப் பாட்டைக் காட்டினார். "இது நீளம் என்று பாதியில் மெல்லக் குறைத்து முடித்திருக்கிறேன்."

"குறைக்காதேயுங்கோ!" என்று தமிழில் கத்திவிட்டேன். பிறகு பிரெஞ்சில் சொன்னேன். மாரெட் தன் பாட்டின் முடிவைக் குறைக்க வேண்டாம் என்று என்னிடம் கேட்டதைச் சொன்னேன். முழுப் பாட்டையும் வைத்துப் பார்த்தோம். மூன்று நிமிடம் நாற்பது செக்கன் கூடியது. அறிவிப்பாளரின் இரண்டு வசனத்தை வெட்டியதும் பொருந்திவிட்டது.

கவிதா மண்டபத்தில் இருந்து போன் எடுத்தாள். "அண்ணா, கன்சோல்ல, பேக்கப்ல, என் லேப்டாப்ல, எல்லாத்துலயும் அழிச்சிட்டேன். ரெண்டு தடவ பாத்துட்டேன்." மிரெய் என் கண் முன்னே தன்னிடம் இருந்ததை அழித்தார். மாரெட்டுக்குச் செய்தி அனுப்பினேன். விமானம் ஏறமுன் பதில் வந்தது: "நன்றி. இனி நிம்மதியாகப் பறப்பேன். அந்த வானொலிப் பெண்ணுக்கும் சொல்லுங்கள்."

நிகழ்ச்சியை வானொலி நிலைய நடைவழியில் ஒரு கதிரையில் இருந்து கேட்டேன். கடைசிப் பாட்டில் அவர் குரல் சுற்றிச் சுற்றி வந்து, சட்டென்று நின்றது. காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. பக்கத்துத் தெப்பனரில், அதாவது மூலைக்கடையில், ஒரு சாண்ட்விச் வாங்கி வாசலிலேயே நின்று சாப்பிட்டேன். இவ்வளவு ருசியான சாண்ட்விச்சை நான் அதற்கு முன்னும் சாப்பிடவில்லை, பின்னும் சாப்பிடவில்லை. திரும்பும் வழியில் மெத்ரோவில் நித்திரையாகி, கடைசி ஸ்டேசனில் ஒரு ஊழியர் தட்டி எழுப்பித்தான் இறங்கினேன்.

6. புதிதாக வருகிறவர்களுக்கு

அடுத்த வாரம் கவிதாவும் நானும் வேலை முறையை மாற்றினோம். மைக்கைத் திறக்கும்போது மேடைக்குக் கேட்கும்படி சொல்வோம்: "இப்போது பதிகிறோம். இது சவுண்டைச் சரிசெய்ய மட்டும். இன்று பின்னேரம் அழித்துவிடுவோம். வேண்டாமென்றால் சொல்லுங்கள்." பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொல்வோம், எங்கள் ஆட்கள் என்றால் தமிழில். பெரும்பாலும் ஒருவரும் வேண்டாம் என்பதில்லை. ஒருமுறை லவாலில் இருந்து பாட வந்த அக்கா ஒருவர் மட்டும், "அப்ப கொஞ்சம் பொறுங்கோ தம்பி, தொண்டையைச் செருமிப்போட்டு வாறன்," என்றார்.

எங்கள் தொழிலில் ஒரு சொல்லுக்கு உள்ளே ஒரு பொருள், வெளியே ஒரு பொருள் இருக்கும். எங்களுக்கு அளவுகோலாக இருப்பது பாடுகிறவருக்கு அவர் தம்பியாக இருக்கலாம். ஆகவே ஒருவர் கேள்வி கேட்டால், உங்கள் தொழில் பாஷையில் பதில் சொல்லாதேயுங்கள். அவர் எதைக் கேட்கிறார் என்று பார்த்துச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "பொறுங்கோ, பாத்துச் சொல்லுறன்" என்றால் போதும். அதற்குப் பத்து செக்கன் போகும். பிழை விட்டுவிட்டால், கோளாறு, இரைச்சல் என்று ஓடி ஒளியாமல், சம்பந்தப்பட்ட ஆளுக்கே முதலில் போன் எடுங்கள். அந்த நம்பரை அழுத்தும்வரைதான் பயம்.